முதுகுவலியும் மெடிகேர் சட்டமும்

2020 ஜனவரி 21 அன்று அமெரிக்காவின் மெடிகேர் திட்டம், நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்த ஒரு மறுப்பைக் கைவிட்டது. 65 வயதைத் தாண்டிய ஏறக்குறைய எல்லா அமெரிக்கர்களுக்கும், அந்த வயதை எட்டாத மாற்றுத்திறனாளிகள் பலருக்கும் மருத்துவச் செலவை ஏற்கும் கூட்டாட்சி அரசின் காப்பீடு அது. அக்குபங்சருக்குப் பணம் தரப் போதிய சான்று இல்லை என்று 1980-இல் எழுதிவைத்த விதியை, 2004-இல் மூட்டுத் தேய்வுக்காகவும், உடல் முழுதும் நாட்பட்ட வலி தரும் ஃபைப்ரோமயால்ஜியாவுக்காகவும் எடுத்துப் பார்த்தபோதும் அது தளர்த்தவில்லை. 2020-இல் ஒரே ஒரு தொல்லைக்கு மட்டும் தளர்த்தியது: நாட்பட்ட கீழ்முதுகு வலி.

விதி கறாரானது. வலி 12 வாரமாவது நீடித்திருக்க வேண்டும். புற்றுநோய், தொற்று, அழற்சி போன்ற அடையாளம் காணக்கூடிய காரணம் இருக்கக் கூடாது. அறுவை சிகிச்சையாலோ கர்ப்பத்தாலோ வந்த வலியாக இருக்கக் கூடாது. 90 நாளுக்குள் 12 முறை ஊசி குத்திக்கொள்ளலாம். முன்னேற்றம் தெரிந்தால் மேலும் 8 முறை. ஆண்டுக்கு 20-க்கு மேல் கிடையாது. தேறவில்லை என்றாலோ, வலி கூடினாலோ அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

இதுவரை குறை சொல்ல அதிகம் இல்லை. சிக்கல், யார் குத்தலாம், யாருக்குப் பணம் போகும் என்ற பகுதியில் இருக்கிறது. அக்குபங்சரை மட்டுமே தொழிலாகக் கொண்டு, அதில் முதுகலையோ முனைவர் பட்டமோ பெற்று, மாநில அரசின் உரிமமும் வாங்கிய ஒருவர் மெடிகேருக்குத் தன் பெயரில் ரசீது அனுப்ப முடியாது. ஒரு மருத்துவரின் அல்லது செவிலிய வல்லுநர் போன்றோரின் மேற்பார்வையில், அவருடைய துணைப் பணியாளராக இருந்துதான் குத்த வேண்டும். ரசீது மேற்பார்வையாளர் பெயரில் போகும். மருத்துவராக இருப்பவரோ தம் மாநில விதிகள் அனுமதித்தால் போதும், தாமே குத்திப் பணம் பெறலாம். சில மாநிலங்களில் அதற்குச் சில நூறு மணி நேரப் பயிற்சியே தேவை.

அரசு செலவில் அக்குபங்சரை விரிவாக்குவது பற்றி அமெரிக்காவில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நோய்ப் பட்டியலை நீட்டுவதைப் பற்றியே பேசுகிறார்கள்: தலைவலி, முழங்கால், மனஉளைச்சல், தூக்கமின்மை. முதலில் நடக்க வேண்டியது அதுவல்ல என்பது என் எண்ணம். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒரு சிகிச்சை, ஒப்புக்கொண்ட முதியவரின் முதுகுக்கு உண்மையில் போய்ச் சேர வழிசெய்வதுதான் முதல் விரிவாக்கம். அதைச் சொல்வதற்கு முன், இந்த ஊசி எந்த அளவுக்குப் பலன் தருகிறது என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் பார்த்துவிட வேண்டும்.

அமெரிக்கப் பொதுமக்களின் பேச்சில் அக்குபங்சர் நுழைந்தது 1971-இல். நியூயார்க் டைம்ஸ் இதழாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பீகிங்கில் (இன்றைய பெய்ஜிங்) இருந்தபோது குடல்வால் அழற்சிக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பின்னர் வந்த வயிற்று உப்புசத்துக்கும் வலிக்கும் ஊசி குத்தப்பட்டதை ஜூலை 26 அன்று எழுதினார். மயக்கமருந்துக்குப் பதிலாக ஊசி குத்தி அறுவை நடந்தது என்று இன்றும் சிலர் திருப்பிச் சொல்கிறார்கள். அது தவறு, அறுவைக்கு வழக்கமான மரத்துப்போகும் மருந்துதான் தரப்பட்டது. மறு ஆண்டு அமெரிக்க அதிபர் நிக்ஸன் சீனா போனார். 1973-இல் நெவாடா மாநிலம் அக்குபங்சரைத் தனித் தொழிலாக அங்கீகரித்துச் சட்டம் இயற்றியது. அதே பத்தாண்டில் நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸில், லிங்கன் மருத்துவமனை என்னும் அரசு மருத்துவமனையில், ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள வந்த ஏழை கறுப்பின, போர்ட்டோ ரிக்க இளைஞர்களுக்குக் காதில் ஊசி குத்தும் முறை வேர்விட்டது. அந்த மையத்தைத் தொடங்கியவர்களில் போர்ட்டோ ரிக்க, கறுப்பின உரிமை இயக்கங்களான யங் லார்ட்ஸ், பிளாக் பேந்தர் அமைப்பினர் உண்டு. பணக்காரர்களின் சொகுசு என்று இன்று பலர் நினைக்கும் ஒன்று, அரசு செலவில் ஏழைகளுக்குக் கிடைத்த காலம் அது.

மெடிகேர் மனம் மாறியதற்கு அபின் வகை வலிநிவாரணிகளான ஓபியாய்டு மாத்திரைகள் காரணம். 1990-களின் பிற்பகுதியிலிருந்து நாட்பட்ட வலிக்கு ஓபியாய்டுகளைத் தாராளமாக எழுதியதில் அடிமைப்பட்டவர்களும் இறந்தவர்களும் பெருகினார்கள். முதியவர்களுக்கு அதில் இன்னொரு ஆபத்து: தலைசுற்றிக் கீழே விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வது. இப்யூபுரோஃபன் போன்ற வலிநிவாரணிகள் முதிய வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் ஆகாது. மருந்தை எழுதாதே என்று மருத்துவரிடம் சொன்னால் போதாது, பதிலுக்கு என்ன என்று சொல்லியாக வேண்டும். 2017-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பு, நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு முதலில் மருந்தில்லா வழிகளைப் பார்க்கச் சொன்னது. உடற்பயிற்சி, யோகா, தாய்ச்சி வரிசையில் அக்குபங்சரும் இருந்தது. 2018-இல் இயற்றப்பட்ட ஓபியாய்டு ஒழிப்புச் சட்டம், மெடிகேரில் மாற்று வழிகளை ஆராய அரசைப் பணித்தது. 2019 ஜூலையில் முதல் வரைவு வந்தபோது, அரசு ஒப்புதல் பெற்ற ஆய்வுகளில் சேரும் முதியவர்களுக்கு மட்டுமே பணம் தருவோம் என்றிருந்தது. ஆறு மாதத்தில் அந்த நிபந்தனை உதிர்ந்து, எல்லாருக்கும் என்றாயிற்று.

அந்த முதல் வரைவுக்கு ஒரு நியாயம் இருந்தது. அதுவரை நடந்த பெரிய ஆய்வுகளில் முதியவர்கள் குறைவு. நடந்த ஆய்வுகள் சொன்னதும் ஒரே குரலில் இல்லை.

ஜெர்மனியின் கெராக் ஆய்வை எடுத்துக்கொள்வோம். பொதுக் காப்பீட்டு நிதியங்கள் தாம் பணம் தரலாமா என்று தீர்மானிப்பதற்காகவே நடத்திய ஆய்வு. கீழ்முதுகு வலி உள்ள 1,162 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு முறையான அக்குபங்சர். இன்னொன்றுக்கு அக்குபங்சர் புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்திய போலி ஊசி. மூன்றாவதற்கு மருந்து, உடற்பயிற்சி என வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துக் குறிப்பிடத்தக்க பலன் பெற்றவர்கள் முதல் குழுவில் 47.6 சதவீதம், போலிக் குழுவில் 44.2, வழக்கமான சிகிச்சையில் 27.4. புள்ளியில் குத்தினாலும் வேறிடத்தில் குத்தினாலும் ஏறக்குறைய ஒரே பலன்; குத்தாமல் இருப்பதைவிட இரண்டுமே வெகுவாக மேல்.

அமெரிக்காவில் இன்னும் நுட்பமாகச் செய்து பார்த்தார்கள். டேனியல் செர்கின் தலைமையில் 638 பேரை வைத்து நடந்து 2009-இல் வெளியான ஆய்வு அது. ஒரு குழுவுக்கு ஊசியே கிடையாது. நோயாளி குப்புறப் படுத்திருப்பார், முதுகு அவர் கண்ணுக்குத் தெரியாது. அக்குபங்சர் ஊசியைத் தோலில் நிறுத்திவைக்கும் சிறு குழாயைப் புள்ளியின்மேல் வைத்து, அதற்குள் ஒரு பல்குச்சியைச் செருகி, நுனி தோலைத் தொடுமாறு மெல்லத் தட்டுவார்கள். குழாயை எடுப்பார்கள், குச்சியையும் எடுத்துவிடுவார்கள். உண்மையான ஊசியை இடையில் திருகிவிடுவதுபோலவே, அவ்வப்போது வந்து குச்சி நுனியால் தொட்டுத் திருப்பிவிட்டுப் போவார்கள். எட்டு வாரம் கழித்து, உண்மை ஊசி பெற்ற இரு குழுக்களின் நடமாட்டக் குறைபாடு 4.4, 4.5 புள்ளிகள் இறங்கியிருந்தது. பல்குச்சிக் குழுவிலும் 4.4. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 2.1.

இதை வைத்து இருவேறு முடிவுக்கு வரலாம். அரசுகளும் அப்படித்தான் வந்தன. ஜெர்மனி, குத்தாதவரைவிடக் குத்திக்கொண்டவர் நன்றாக இருக்கிறார் என்பதைப் பிடித்துக்கொண்டு, 2007 தொடக்கத்திலிருந்து நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கும் முழங்கால் தேய்வுக்கும் பொதுக் காப்பீட்டில் இடம் தந்தது, தலைவலிக்குத் தரவில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009-இல் கீழ்முதுகு வலிக்கு அக்குபங்சரைப் பரிந்துரைத்தது. போலி ஊசியைவிட மேல் என்று நிறுவப்படவில்லை என்று 2016-இல் பரிந்துரையை விலக்கிக்கொண்டது. 2021-இல் காரணம் புலப்படாத நாட்பட்ட வலிக்கு ஒரு சுற்று அக்குபங்சரைக் கருதலாம் என்றது. ஏறக்குறைய ஒரே வகைச் சான்றைப் பார்த்து ஒரே அமைப்பு இப்படி முன்னும் பின்னும் போனதை நான் குற்றமாகக் காணவில்லை. கேள்வி மாறினால் விடையும் மாறும். குறித்த புள்ளிகளில் குத்தினால்தான் பலன் என்னும் புள்ளிக் கோட்பாடு மெய்யா என்பது ஒரு கேள்வி. வலியோடு வந்தவருக்கு இந்தச் சிகிச்சையை மொத்தமாகத் தந்தால் தேறுவாரா என்பது வேறு கேள்வி. ஆண்ட்ரூ விக்கர்ஸ் குழு 39 ஆய்வுகளிலிருந்து 20,827 நோயாளிகளின் தரவுகளைத் தனித்தனியே எடுத்துச் சேர்த்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு, போலி ஊசியைவிட உண்மை ஊசி சிறிதளவு மேல், சிகிச்சையே இல்லாததைவிடக் கணிசமாக மேல் என்றது. அந்தச் சிறிதளவு பெரிதா என்பதில்தான் விவாதம்.

அரசுக் காப்பீடு இரண்டாவது கேள்விக்கே பணம் தர வேண்டும் என்பது என் நிலைப்பாடு. 70 வயதுக்காரருக்கு முன்னால் இருப்பது உண்மை ஊசியா போலி ஊசியா என்ற தேர்வு அல்ல. ஊசியா, இன்னொரு மாத்திரையா, ஒன்றுமில்லாமல் சகித்துக்கொள்வதா என்ற தேர்வு. ஆனால் இதே நிலைப்பாடு நோய்ப் பட்டியலைச் சுருக்கமாக வைக்கவும் நம்மைக் கட்டுப்படுத்துகிறது. புள்ளிக் கோட்பாடு நிறுவப்படாத நிலையில், அந்தக் கோட்பாட்டின் பலத்தில் ஈரலுக்கும் நீரிழிவுக்கும் காப்பீட்டை நீட்ட முடியாது. எந்த நோயில் குத்தாதவரைவிடக் குத்திக்கொண்டவர் தேறினார் என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்களோ அந்த நோய்க்கு மட்டும்தான் முடியும். அக்குபங்சர் என்றாலே ‘எல்லா மருந்தையும் நிறுத்திவிடுங்கள்’ என்ற பேச்சோடு சேர்த்தே நம் ஊரில் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். மெடிகேர் விதி அதற்கு நேர் எதிர்: முதலில் புற்றும் தொற்றும் இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும், மற்ற சிகிச்சைகள் எதையும் கைவிட வேண்டியதில்லை, பலன் இல்லையென்றால் ஊசியைத்தான் கைவிட வேண்டும்.

முதியவர்களை வைத்து நடக்கவேண்டிய ஆய்வும் பிறகு நடந்தது. தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் நிதியில், கைசர் பெர்மனென்டே, சட்டர் ஹெல்த் உள்ளிட்ட மருத்துவ அமைப்புகளில், 65 வயதும் அதற்கு மேலும் ஆன 800 பேர் சேர்ந்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். இன்னொன்றுக்கு அதோடு 12 வாரத்தில் 8 முதல் 15 முறை அக்குபங்சர். மூன்றாவதற்கு அதற்கும் மேல் அடுத்த 12 வாரத்தில் 4 முதல் 6 முறை. அளவுகோல் 24 கேள்விகள் கொண்ட ரோலண்ட்-மோரிஸ் படிவம். முதுகால் மெதுவாக நடக்கிறேனா, படியேறக் கைப்பிடி தேவைப்படுகிறதா, காலுறை மாட்டச் சிரமப்படுகிறேனா என்ற வகைக் கேள்விகள் அதில் இருக்கும். எத்தனைக்கு ஆம் என்கிறாரோ அத்தனை புள்ளி.

முடிவு 2025-இல் வந்தது. ஆறு மாத முடிவில், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களைவிட ஊசிக் குழுக்கள் சராசரியாக 1 முதல் 1.5 புள்ளி மேலாக இருந்தன. ஓராண்டிலும் அந்த மேன்மை மறையவில்லை. 24-இல் ஒன்றரை என்பது சிறிய எண். இதைப் பெரிய வெற்றியாகக் காட்டுவது முதியவர்களுக்குச் செய்யும் நேர்மையற்ற செயல். ஆனால் நாட்பட்ட முதுகுவலியில் மாத்திரைகள் தரும் சராசரிப் பலனும் சிறியதுதான். வயிற்றில் ரத்தக்கசிவையும் கீழே விழுவதையும் ஊசி கொண்டுவருவதில்லை. பலன் சிறிது, தீங்கு அதனினும் சிறிது என்றால் 75 வயதில் அது நல்ல பேரம்.

இந்த ஆய்வில் ஊசி குத்தியவர்கள் உரிமம் பெற்ற அக்குபங்சர் சிகிச்சையாளர்கள். மெடிகேர் தன் முடிவுக்கு இனிச் சான்றாகக் காட்டக்கூடிய மிகச் சிறந்த ஆய்வு, மெடிகேர் தனித்துப் பணம் தர மறுக்கும் அதே தொழிலினரின் கையால் நடந்த ஆய்வு. இதற்குமேல் வலுவான வாதம் ஒன்றைத் தேட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

முன்னாள் ராணுவத்தினர் பக்கம் வருவோம். இங்கே அரசு வெகு தூரம் முன்னே போயிருக்கிறது, சில இடங்களில் சான்றையும் முந்திக்கொண்டு.

படைவீரர்களுக்கு வலி அதிகம். 2010 முதல் 2014 வரையிலான தேசிய நலவாழ்வுக் கணக்கெடுப்பில், கடுமையான வலி உள்ளவர்கள் முன்னாள் படைவீரர்களில் 9.1 சதவீதம், மற்றவர்களில் 6.3 சதவீதம். சுமந்த பாரம், குதித்த உயரம், குண்டுவெடிப்பின் அதிர்ச்சி எல்லாம் பிற்காலத்தில் முதுகிலும் முழங்காலிலும் வந்து நிற்கின்றன. 2001-இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ரிச்சர்ட் நீம்ட்ஸோ, காதில் மட்டும் குத்தும் ஒரு சுருக்கமான முறையை உருவாக்கினார். போர்க்களத்திலேயே பயன்படட்டும் என்ற நோக்கத்தில் அதற்குப் போர்க்கள அக்குபங்சர் என்று பெயர் வந்தது.

அதற்குப் படுக்கை வேண்டாம். நோயாளி உட்கார்ந்திருப்பார். சின்ன ஆணி போன்ற, ஓரிரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஊசி ஒரு குச்சிக்குழலில் பொருத்தப்பட்டிருக்கும். காது மடலில் குறித்த இடத்தில் வைத்து அழுத்தினால் ஊசி தோலில் தங்கிவிடும். ஒன்று குத்தியதும் எழுந்து இரண்டு நிமிடம் நடக்கச் சொல்வார்கள். வலி எப்படி, பத்துக்கு எத்தனை என்று கேட்பார்கள். போதுமான அளவு குறைந்திருந்தால் அத்தோடு நிறுத்திவிடலாம். இல்லையென்றால் மறு காதில் அதே இடம், பிறகு அடுத்த இடம். ஒரு காதுக்கு ஐந்து வீதம் பத்து ஊசி வரை போகலாம். காதில் ஊசிகளோடு வீட்டுக்குப் போவார், மூன்று நான்கு நாளில் அவை தாமே உதிரும். மருத்துவர், செவிலியர், மருத்துவ உதவியாளர் எனப் பலருக்கும் குறுகிய பயிற்சியில் கற்றுக்கொடுக்க முடிந்ததால், 2013-க்குப் பிறகு பாதுகாப்புத் துறையும் முன்னாள் படைவீரர் நலத்துறையும் சேர்ந்து ஆயிரக்கணக்கானோருக்குக் கற்பித்தன.

2016 அக்டோபர் முதல் 2018 செப்டம்பர் வரை, நலத்துறையின் 57 மருத்துவ மையங்களில் இம்முறையைப் பெற்ற 11,406 பேரின் பதிவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். நான்கில் மூன்று பேருக்கு மேல் வலி உடனே குறைந்தது. முதல் தடவையில் பத்துக்குச் சராசரியாக இரண்டரைப் புள்ளி. ஆனால் ஒப்பிட வேறு குழு இல்லை. குத்திய நிமிடத்தில் கேட்ட விடை, ஒரு மாதம் கழித்துக் கேட்ட விடை அல்ல. எழுந்து நடக்கச் சொல்லிவிட்டு இப்போது எப்படி என்று அக்கறையோடு ஒருவர் கேட்பதே வலியைக் குறைக்கக்கூடும் என்பதை அந்த ஜெர்மன் ஆய்வு படித்த எவரும் மறக்க முடியாது. எளிதாகக் கற்பிக்கலாம், எளிதாகப் பரப்பலாம் என்பதாலேயே ஒரு முறை சான்றைவிட வேகமாக ஓடிவிடுகிறது. நலத்துறை இதில் இன்னும் நிதானமாக இருந்திருக்கலாம்.

ஆனால் அமைப்பு என்ற அளவில் நலத்துறை செய்தது சரியானது. 2017 மே மாதம் வெளியிட்ட ஆணையில் அக்குபங்சர், மசாஜ், யோகா, தாய்ச்சி, தியானம் உள்ளிட்ட எட்டு முறைகளைப் படைவீரர்களின் அடிப்படை மருத்துவ உரிமைகளில் சேர்த்தது. மறு ஆண்டு, அக்குபங்சர் சிகிச்சையாளர் என்ற பணியிடத்துக்குத் தனித் தகுதி விதி வகுத்து, அவர்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள வழிசெய்தது. தன் மையத்தில் 28 நாளுக்குள் நேரம் கிடைக்காவிட்டாலோ, ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டிவர வேண்டியிருந்தாலோ, வெளியே உள்ள சிகிச்சையாளரிடம் அனுப்பி அந்தச் செலவை ஏற்கிறது. 2018-இல் இயற்றப்பட்ட மிஷன் சட்டம் தந்த வசதி அது. நோயறிவது மருத்துவர், அனுப்புவது மருத்துவர், குத்துவது அதையே படித்தவர். அந்த வரிசையில் யாருடைய வேலையும் இன்னொருவர் பெயரில் பதிவாகவில்லை.

ஆராய்ச்சியும் அங்கிருந்தே வருகிறது. கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் உள்ள நலத்துறை மருத்துவமனையில், போர்க்கள அனுபவத்தால் மனவடு நோய்க்கு ஆளான 93 பேரை வைத்து நடந்த ஆய்வு 2024-இல் வெளியானது. 24 அமர்வுகள், ஒரு குழுவுக்கு உண்மை ஊசி, மற்றதற்குப் போலி. இரண்டிலும் தேறினார்கள், உண்மை ஊசிக் குழுவில் தேறியது கூடுதலாக. சிறிய ஆய்வு, இன்னும் பெரிதாகச் செய்து பார்க்க வேண்டியது. ஆனால் முதுகுவலிக்கு வெளியே விரிவாக்கம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு அதுவே வழி: தன் மருத்துவமனைகளையும் தன் நோயாளிகளையும் வைத்திருக்கும் அமைப்பு முதலில் எண்ணிப் பார்க்கட்டும், காப்பீடு பின்னால் வரட்டும்.

இடையில் விடுபட்டவர்களும் உண்டு. பணியில் இருக்கும் வீரருக்கு ராணுவ மருத்துவமனையில் அக்குபங்சர் கிடைக்கும். ஓய்வுபெற்ற வீரர்களையும் குடும்பத்தினரையும் காக்கும் டிரைகேர் காப்பீடு நெடுங்காலமாக அதை விலக்கியே வைத்திருக்கிறது. இருபது ஆண்டு பணிசெய்து ஓய்வுபெற்றவர், நலத்துறையில் பதிவுசெய்து கொள்ளாதவராக இருந்தால், 65 வயது வந்து மெடிகேருக்குள் நுழையும்வரை தம் காசில்தான் குத்திக்கொள்ள வேண்டும். முதுகுக்கு வயதுவரம்பு வைத்ததற்கு மருத்துவக் காரணம் ஒன்றும் கிடையாது. எந்தச் சட்டம் எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பதுதான் காரணம்.

மெடிகேரின் ரசீது முறைக்குத் திரும்புவோம். நடைமுறையில் அங்கேதான் எல்லாம் முட்டிக்கொள்கிறது. அக்குபங்சருக்கான கட்டணக் குறியீடு நேரத்தைக் கணக்கிடுவது: நோயாளியோடு நேருக்கு நேர் இருந்த முதல் 15 நிமிடத்துக்கு ஒரு குறியீடு, மறுபடி ஊசி செருகிச் செலவிட்ட அடுத்த 15 நிமிடத்துக்கு இன்னொன்று. ஊசிகளோடு நோயாளி அமைதியாகப் படுத்திருக்கும் இருபது முப்பது நிமிடம் கணக்கில் வராது. அந்தத் தொகைக்காக ஒரு மருத்துவர் தம் மருத்துவமனையில் அறை ஒதுக்கி, சிகிச்சையாளரை வேலைக்கு வைத்து, அவர் குத்தும் நேரத்தில் மேற்பார்வைக்குக் கிடைக்கும் நிலையில் தாமும் இருக்க வேண்டும். பெரிய நகரத்தின் பெரிய மருத்துவக் குழுமங்களுக்கு இது கட்டுப்படியாகலாம். நெப்ராஸ்காவின் ஒரு சிற்றூரில் தனியாக மருத்துவம் பார்ப்பவருக்கு ஆகாது. அதே ஊரில் உரிமம் பெற்ற சிகிச்சையாளர் தனிக் கடை வைத்திருந்தாலும், மெடிகேர் அட்டையோடு போகும் முதியவருக்கு அந்த அட்டை அங்கே செல்லாது. அட்டை செல்லும் இடத்திலும் கட்டணத்தில் 20 சதவீதம் அவர் கையிலிருந்துதான் போகும். துணைக் காப்பீடு இருந்தால்தான் தப்பலாம். அரசின் நேரடி மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களில் சில, தாமாகவே கூடுதல் அக்குபங்சரைத் தருகின்றன. ஆக, எந்தத் திட்டத்தில் சேர்ந்தார் என்பதைப் பொறுத்து ஒரே தெருவில் இரு முதியவர்களின் நிலை வேறாகிறது.

இதை மெடிகேர் நிர்வாகம் நினைத்தாலும் சரிசெய்ய முடியாது. எந்தச் சிகிச்சை தேவையானது, நியாயமானது என்று முடிவு செய்யும் அதிகாரம் அதற்கு உண்டு. யாருக்குப் பணம் தரலாம் என்ற பட்டியல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதைத் திருத்த அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்தான் வேண்டும். நியூயார்க் உறுப்பினர் மாரிஸ் ஹிஞ்சி 1990-களிலிருந்தே இதற்காக மசோதா கொண்டுவந்து பார்த்தார். பிறகு கலிஃபோர்னியாவின் ஜூடி சூ எடுத்துக்கொண்டார். 2015-இலும் 2017-இலும் அவர் கொண்டுவந்த மசோதாக்கள் முதியவர், முன்னாள் படைவீரர், ராணுவக் குடும்பங்கள் அனைவருக்குமாகச் சேர்த்து எழுதப்பட்டவை. மெடிகேர் 2020-இல் முதுகுவலியை ஏற்றபின் அவர் இலக்கைச் சுருக்கினார்: உரிமம் பெற்ற அக்குபங்சர் சிகிச்சையாளரை மெடிகேரில் பதிவுபெற்ற சேவையாளராக ஏற்பது, அவ்வளவுதான். 2021-இல் வந்தது, 2023-இல் வந்தது, 2025-இல் மறுபடி வந்தது. சுருக்கியது புத்திசாலித்தனம். புதிய நோய் ஒன்றையும் சேர்க்காமல், ஏற்கெனவே ஏற்ற சிகிச்சையின் வழியை மட்டும் திறக்கும் மசோதாவை, அக்குபங்சரை நம்பாதவர்கள்கூட எதிர்க்கக் காரணம் குறைவு.

எதிர்ப்புகளில் ஒன்று ஜெர்மனியைக் காட்டும். அங்கே பொதுக் காப்பீடு, கூடுதல் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் குத்தினால் மட்டுமே பணம் தருகிறது. அங்கே முடிகிறதே என்பார்கள். முடிகிறது, அக்குபங்சர் செய்யும் மருத்துவர்கள் அங்கே பல்லாயிரம் பேர் இருப்பதால். அமெரிக்க மருத்துவர்களில் அப்படிச் செய்பவர்கள் சிலரே. அத்தொழிலின் பெரும்பகுதி தனியாகப் படித்து உரிமம் வாங்கியவர்களிடம் இருக்கிறது. இன்னொரு எதிர்ப்பு இதைவிடக் கனமானது: புதிதாக ஒரு தொழிலையே பதிவுசெய்தால் பொய் ரசீதுகள் பெருகும். இந்த அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. காதின் பின்னால் ஒட்டி, மடலில் ஊசி செருகிச் சிறு மின்தூண்டல் தரும் கருவியை, அறுவை செய்து உடலுக்குள் பதித்த நரம்புத் தூண்டி என்று மெடிகேரில் கணக்கெழுதியதற்காக நாட்டின் பல பகுதிகளில் மருத்துவமனைகளும் மருத்துவர்களும் பெருந்தொகை திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். கவனிக்க வேண்டியது, இந்த வழக்குகளில் சிக்கியவர்களில் ஏற்கெனவே மெடிகேரில் பதிவுபெற்ற மருத்துவர்கள் பலர் என்பதுதான். பொய்க் கணக்கைத் தடுப்பது தணிக்கை. பட்டத்தைப் பார்த்து வாசலில் நிறுத்துவது தடுக்கவில்லை. குத்தியவர் ஒருவர், ரசீது எழுதியவர் இன்னொருவர் என்ற இன்றைய ஏற்பாடு தணிக்கையைக் கடினமாக்குகிறது என்றும் சொல்வேன். குத்தியவரே தம் பதிவெண்ணில் ரசீது அனுப்பினால், ஒரு நாளில் எத்தனை பேருக்கு எத்தனை 15 நிமிடம் என்று கூட்டிப் பார்த்தாலே மிகைக்கணக்கு வெளியே வந்துவிடும்.

எண்ணிக்கை வரம்பைப் பற்றியும் ஒன்று. ஆண்டுக்கு 20 முறை போதாது என்று தொழில் அமைப்புகள் வாதிடுவதுண்டு. 800 முதியவர்களின் ஆய்வில் அதிகபட்சமாகக் குத்தியதே 15-உம் 6-உம் சேர்த்து 21. அந்தப் பலனைப் பெற இன்றைய வரம்பே ஏறக்குறைய போதும். இறுக்கம் இருப்பது வேறிடத்தில்: ஆய்வில் முதல் 12 வாரத்தில் 15 முறை வரை போக முடிந்தது, மெடிகேரில் 90 நாளுக்கு 12-தான். இதைத் தளர்த்தக் காங்கிரஸ் தேவையில்லை, நிர்வாகமே மாற்றலாம். மாற்றும்போது, ஒவ்வொரு முதியவருக்கும் முதல் நாளும் பன்னிரண்டாவது அமர்விலும் அந்த 24 கேள்விப் படிவத்தை நிரப்பி ரசீதோடு அனுப்ப வேண்டும் என்று சேர்க்க வேண்டும். தேறாவிட்டால் நிறுத்து என்ற விதி இன்று குத்துகிறவரின் மனச்சாட்சியை நம்பியே நிற்கிறது. படிவம் வந்தால் அது எண்ணாக நிற்கும். இரண்டு மூன்று ஆண்டில் லட்சக்கணக்கான முதியவர்களின் எண்கள் கையில் இருக்கும். முழங்கால் தேய்வையும் ஒற்றைத் தலைவலியையும் பட்டியலில் சேர்ப்பதா என்ற விவாதத்தை அப்போது நம்பிக்கையின் மீது அல்லாமல் அந்த எண்களின் மீது நடத்தலாம்.